கூடு விட்டுக் கூடு பாயும் சில்லு

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றதும் விக்கிரமாதித்தன் கதைகளே நம் நினைவுக்கு வரும். அந்த வித்தையை அமெரிக்கக் கார் மெக்கானிக்குகள் 1980களில் அன்றாடத் தொழிலாகச் செய்துவந்தனர் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். எஞ்சினை ஆளும் கணினி பழுதானால், அதனுள் இருக்கும் ஒரே ஒரு சில்லைக் கழற்றிப் புதிய கணினிக்குள் பொருத்துவர். வண்டி தன் பழைய குணத்தோடு மீண்டும் ஓடும். அந்த வித்தை எவ்வாறு தோன்றியது, ஏன் மறைந்தது, அது மறைந்ததில் காரின் உரிமையாளர் எதை இழந்தார் என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பெட்ரோல் எஞ்சினின் அடிப்படைத் தேவைகள் இரண்டு. காற்றும் பெட்ரோலும் உரிய விகிதத்தில் கலக்கவேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. அந்தக் கலவைக்கு உரிய கணத்தில் தீப்பொறி கிடைக்கவேண்டும். நெடுங்காலம் இவ்விரண்டையும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கவனித்துவந்தன. ட்யூன் செய்வது என்பது அன்று திருகாணியும் காதும் சார்ந்த கலை. (நமக்கு ட்யூன் என்றால் மெட்டு. எஞ்சினின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லும் பழைய மெக்கானிக்கைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் தொலைவில் இல்லை என்பது புரியும்.) மின்னணுவியல் இதனுள் நுழைய முயன்றது 1958இல். பென்டிக்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரோஜெக்டர் என்னும் கருவி கிரைஸ்லரின் சில கார்களில் பொருத்தப்பட்டுத் தோல்வி கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் கார்புரேட்டருக்கே திரும்பின. 1967இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பை வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது. ஆயினும் அது நிரல் ஏதுமற்ற மின்சுற்று. பெயர்த்து எடுத்துச் செல்ல அதனுள் ஒன்றும் இல்லை.

கணினியைக் காருக்குள் கொண்டுவந்தது வேகத்தின் மீதான ஆசையன்று, சட்டம். 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையின் நச்சைப் பெருமளவு குறைக்குமாறு அமெரிக்கக் கார் நிறுவனங்களைப் பணித்தது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலன் சரிவரப் பணியாற்ற வேண்டுமானால் கலவையின் விகிதம் இம்மியும் பிசகக்கூடாது. திருகாணியால் அது இயலாது. எனவே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981இல் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணினியைப் பொருத்தியது.

இங்கேதான் நம் கதையின் முக்கியத் திருப்பம். அந்நிறுவனம் விற்ற கார்களோ பலவகை. எடை வேறு, எஞ்சின் வேறு, கியர்பெட்டி வேறு, பின் அச்சின் பல்விகிதம் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி செய்து கிடங்கில் அடுக்கிவைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே பெட்டியைப் பொதுவாகவும், அந்தக் குறிப்பிட்ட காருக்கு உரிய எண்களைத் தனிச் சில்லிலும் வைத்தனர். இத்தனை சுழற்சி வேகத்தில், இத்தனை பளுவில், இவ்வளவு பெட்ரோல், இத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி என்று அட்டவணை அட்டவணையாக எண்கள். 1980களின் பிற்பகுதியில் பரவலாகப் புழங்கிய ஒரு பெட்டியில் அச்சில்லின் கொள்ளளவு 4 கிலோபைட் மட்டுமே. இக்கட்டுரையை யூனிகோடில் சேமித்தால் அதைப்போல் பல மடங்கு இடம் கொள்ளும்!

உதிரி பாகமாக வந்த புதிய பெட்டியில் அச்சில்லு இராது. பழைய பெட்டியிலிருந்து கழற்றித்தான் பொருத்தவேண்டும். பட்டறைக் கையேடு இதற்கு ஓர் எச்சரிக்கையையும் வைத்திருந்தது: சில்லைத் திசை மாற்றிச் செருகிச் சாவியைத் திருப்பினால் சில்லு அழிந்துவிடும். சரியாகச் செருகினாலும் முதல் சில மைல்கள் வண்டி சற்று முரண்டுபிடிக்கும். ஓட ஓடத் தானே கற்றுக்கொண்ட சிறு திருத்தங்களைக் கணினி வேறொரு நினைவகத்தில் வைத்திருந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அவை மறைந்துவிடும். பிறவிக்குணம் சில்லோடு வந்தது, பழக்கத்தால் வந்தது வரவில்லை என்று சொல்லலாம்.

கிடங்குச் செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு, நிறுவனம் எண்ணிப்பாராத ஒரு கதவைத் திறந்துவிட்டது. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கிய இப்ராம் என்னும் சில்லின் நெற்றியில் ஒரு சிறு படிகச் சாளரம் உண்டு. அதன்வழியே புற ஊதா ஒளியைச் சிலபல நிமிடங்கள் பாய்ச்சினால் எழுதியதெல்லாம் அழியும், மீண்டும் எழுதலாம். ஆர்வலர்கள் சில்லைக் கழற்றி, எண்களைப் படித்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பொறுமையாக ஊகித்து, திருத்தி எழுதினர். 1986, 1987ஆம் ஆண்டுகளின் ப்யூக் கிராண்ட் நேஷனல், 3.8 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட கார், இக்கலைக்குப் பெயர்பெற்ற களமாயிற்று. தீப்பொறியைச் சற்று முன்தள்ளினால் வலு கூடும். அளவு மீறினாலோ கலவை காலந்தவறி வெடித்து எஞ்சினையே உடைக்கும். நல்ல ட்யூன் என்பது ஒருவரின் பல மாத உழைப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த உழைப்பு அன்று உரிமையாளரின் சட்டைப்பையில் அடங்கியது. கணினி எரிந்துபோனாலும் சில்லு பிழைத்திருந்தால் போதும். ஃபோர்டு கார்களில் சில்லு இவ்வாறு கழற்றத்தக்கதாக இல்லை. ஆயினும் பெட்டியின் பின்புறம் சோதனைக்கென ஓர் இணைப்பு இருந்தது. ட்யூனர்கள் தம் சில்லை அங்கே செருகி, உள்ளிருப்பதைப் பேசவிடாமல் செய்தனர்!

1990களின் நடுவில் இது முடிவுக்கு வந்தது. ஃப்ளாஷ் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான ஓபிடி-2 இணைப்பின் வழியே, பெட்டியைத் திறக்காமலே எண்களை மாற்றலாம் என்றானது. வசதிதான், ஐயமில்லை. ஆனால் கணினி இறந்தால் என்ன செய்வது? காரின் அடையாள எண்ணைக் கொடுத்தால் நிறுவனத்தின் வழங்கி புதிய பெட்டிக்குள் தொழிற்சாலை அளவுகளை இறக்கித்தரும். உரிமையாளர் செய்துகொண்ட ட்யூன் அதில் இராது. இறந்த பெட்டியோ இணைப்பின் வழியே பதில் பேசாது. பெட்டியைப் பிளந்து சில்லை நேரடியாகப் படிக்கத் தெரிந்தவரைத் தேடவேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமானபின், சாவியும் கணினியும் ஒன்றையொன்று அறிந்தாலன்றி எஞ்சின் கிளம்பாது. ட்யூனர்களும் சளைத்தவர்கள் அல்லர். போட்டியாளர் படியெடுத்துவிடுவாரோ என்றஞ்சித் தம் கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டனர். மென்பொருள் உரிமத்தை ஒரே பெட்டியோடு பிணைத்தனர். பணம் கொடுத்து ட்யூன் வாங்கியவரிடம் அதன் படி ஒன்றுகூட இல்லை என்ற நிலை இவ்வாறே உருவாயிற்று.

சட்டமும் குறுக்கே நின்றது. 1998இல் இயற்றப்பட்ட அமெரிக்க எண்மப் பதிப்புரிமைச் சட்டம் மின்னணுப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. 2015இல் கார் மென்பொருளுக்கு விலக்கு கோரப்பட்டபோது ஜெனரல் மோட்டார்ஸும் டிராக்டர் நிறுவனமான ஜான் டியரும் எதிர்த்தன. வாகனத்தை வாங்கியவர் மென்பொருளை வாங்கவில்லை, அதை இயக்கும் உரிமம் மட்டுமே பெற்றார் என்பது ஜான் டியரின் வாதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் அவ்வாண்டு ஜூலையில் எதிர்ப்புக் கடிதம் எழுதியது. மக்கள் புகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுவர் என்பது அதன் அச்சம். அச்சம் பொய்யன்று. பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் அவ்வாறு நீக்கப்பட்டதாக அதே முகமை 2020இல் மதிப்பிட்டது. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்ட இரண்டே மாதங்களில், 2015 செப்டம்பர் 18 அன்று, அதே முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம் சாட்டியது. சோதனைக்கூடத்தில் மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும் நிரல் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் இருந்தது தெரியவந்தது. உரிமையாளர் திறந்துபார்க்கக்கூடாது என்று காக்கப்பட்ட பெட்டிக்குள் ஒளிந்திருந்தது தயாரிப்பாளரின் மோசடி. அக்டோபரில் விலக்கு அறிவிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது.

பூட்டைத் திறக்கச் சட்டம் இடந்தரும் முன்பே, பூட்டில்லாத பெட்டியைச் செய்துகொண்டவர்களும் உண்டு. 2001இல் புரூஸ் பவ்லிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவரும் மெகாஸ்குவர்ட் என்ற பெயரில், பற்றவைக்கத் தெரிந்த எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க எஞ்சின் கணினியை வெளியிட்டனர். அதன் அட்டவணைகள் உரிமையாளரின் சொந்தக் கணினியில் ஒரு கோப்பாகக் கிடக்கும். பெட்டி எரிந்தால் இன்னொன்றைப் பற்றவைத்து, கோப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய இப்ராம் சில்லுகளுக்கோ முதுமை வந்துவிட்டது. அவற்றில் எழுத்தாக நிற்பது சிறைப்பட்ட மின்னேற்றம். பல்லாண்டுகளில் அது மெல்லக் கசியும், சாளரத்தை மூடிய ஒட்டுத்தாள் உதிர்ந்திருந்தால் இன்னும் விரைவாக. முப்பது நாற்பது ஆண்டு வயதான காரை வைத்திருப்பவர்களுள் விவரம் அறிந்தோர், வண்டி நன்றாக ஓடும்போதே சில்லைக் கழற்றிப் படித்து, இரண்டு படிகள் எடுத்துவைக்கின்றனர்.