பறவை வயிற்றில் தீர்ந்த வழக்கு

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ரெயோமூர் என்றால் வெப்பமானிதான். பனிக்கட்டி உருகுவது 0, தண்ணீர் கொதிப்பது 80 என்று அளவு வகுத்தவர். அதே மனிதர் பறவைகளின் வயிற்றை ஆராய்ந்து ஒரு பழைய வழக்கைத் தீர்த்து வைத்தார் என்பதை ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

உண்ட உணவு எப்படிச் செரிக்கிறது என்பதுதான் வழக்கு. வயிறு திருகையைப் போல அரைக்கிறது என்றது ஒரு கட்சி. ஏதோ ஒரு நீர் கரைக்கிறது என்றது மறு கட்சி. அரைக்கும் கட்சியிடம் நல்ல சாட்சி இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் கோழிக்கும் வாத்துக்கும் உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகளை ஊட்டினார்கள். வயிற்றில் அவை நொறுங்கிப் பொடியாகிவிட்டன.

ரெயோமூர் 1752இல் கேள்வியையே பிரித்துப் போட்டார். எந்தப் பறவை, அது என்ன தின்கிறது என்று பார்த்தார். தானியம் தின்னும் பறவைகளுக்கு உலோகக் குழாய்களில் வாற்கோதுமையை அடைத்து ஊட்டினார். குழாய் நசுங்காத இடத்தில் தானியம் அப்படியே இருந்தது. அரைபடாமல் அங்கே செரிமானம் இல்லை.

அடுத்து, பருந்து இனத்துப் பறவை ஒன்றை எடுத்துக்கொண்டார். செரிக்காத எலும்பையும் முடியையும் வாய் வழியே கக்கிவிடுவது இவற்றின் வழக்கம். இரு முனையும் திறந்த குழாயில் இறைச்சியை வைத்து விழுங்கச் செய்தார். பறவை குழாயைக் கக்கியது. குழாயில் ஒரு நசுங்கலும் இல்லை; இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. அழுகிய நாற்றமும் இல்லை. பிறகு குழாயில் பஞ்சை வைத்து, அந்த நீரையே வெளியே எடுத்தார்.

இரு கட்சியும் பாதி சரி. கோழிக்குப் பல் இல்லை. முழு தானியம் முதலில் தீனிப்பையில் ஊறுகிறது. சுரப்பி வயிற்றில் செரிமான நீர் சேர்கிறது. பிறகு தடித்த தசை கொண்ட அரைவைப்பை, விழுங்கிய சிறு கற்களின் உதவியோடு அரைக்கிறது. கோழியைச் சுத்தம் செய்தவர்கள் அந்தக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இறைச்சி மெத்தென்ற பண்டம். அலகால் கிழித்தால் போதும். ஆகவே பருந்தின் வயிறு மெல்லிய பை, நீர்தான் கடுமையானது.

ரெயோமூர் 1757இல் இறந்தார். இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்ஸானி வேலையைத் தொடர்ந்தார். துணிப்பைகளில் உணவைக் கட்டித் தாமே விழுங்கினார். செரிமான நீரும் உணவும் அடைத்த குழாய்களை அக்குளில் வைத்துச் சூடாக்கி, உடலுக்கு வெளியிலும் உணவு கரைவதைக் காட்டினார்.

இங்கிலாந்தில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் மீன் தின்னும் கடற்காகம் ஒன்றுக்கு ஓராண்டு தானியமே கொடுத்து வளர்த்தார். அதன் வயிற்றுத் தசை தடித்துப் போயிருந்தது! பரம்பரையாக வந்த வயிறும், தினம் போடும் தீனிக்குத் தக்கபடி ஓரளவு மாறுகிறது என்று இதனால் தெரிகிறது.

நம் திருகை வாயில் இருக்கிறது. பல் போன என் வயதுக்காரர்களுக்குக் கல்லை விழுங்கும் வசதி இல்லை. சோற்றைக் குழைய வடித்து, நிதானமாக மென்று சாப்பிடுவோம்.