கதவும் கொப்பரையும்: திருவண்ணாமலையில் காவலும் தீக்காப்பும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ளது. வெளிமதிலின் தென்பக்கம் 1,479 அடி, வடபக்கம் 1,590 அடி. கிழக்கும் மேற்கும் 700 அடி. இத்தனை நீள மதிலில் பெருவாசல்கள் நான்கே: கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க்கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். பூசை செய்வோர், மடைப்பள்ளியில் சமைப்போர், கணக்கெழுதுவோர், பூத்தொடுப்போர், மேளக்காரர், துப்புரவு செய்வோர் எனப் பலரும் பல நூற்றாண்டுகளாக நாள்தோறும் வேலைக்கு வந்துபோகும் இடம் இது. நெல்லும் நெய்யும் நகையும் சேர்ந்து கிடக்கும் களஞ்சியமும் இதுவே. பஞ்சபூதத் தலங்களுள் அக்கினித் தலமாகையால், தீயை விலக்கி வைக்க இங்கே வழியில்லை. தீயோடு வாழ்ந்தாக வேண்டும்.

ஒரு பணியிடத்துக்கு இரண்டு காப்பு வேண்டும். ஒன்று திருட்டிலிருந்து, மற்றொன்று தீயிலிருந்து. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. திருட்டைத் தடுக்க வாசலைக் குறைத்துக் கதவை அடைக்க வேண்டும். தீயிலிருந்து உயிரைக் காக்க வாசலைக் கூட்டிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இந்த இழுபறியைத் தமிழகம் கையாண்ட விதத்தைத் திருவண்ணாமலையை மையமாக வைத்து வரிசையாகப் பார்க்கலாம்.

பாடிகாவலும் மெய்காவலும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் சொல் பாடிகாவல். பாடி என்பது ஊர். ஊரைக் காக்கும் பொறுப்பும் அதற்காக ஊரார் செலுத்தும் வரியும் அந்தப் பெயராலேயே வழங்கின. பிற்காலச் சோழர் ஆட்சி தளர்ந்தபோது வடதமிழகத்தில் இந்த உரிமை சம்புவராயர், காடவராயர், வாணகோவரையர் போன்ற குறுநிலத் தலைவர்களின் கைக்குப் போனது. காவல் காத்தவர் வரி வாங்கினார்; வரி வாங்கியவர் ஆட்சியாளர் ஆனார். கோப்பெருஞ்சிங்கன் உள்ளிட்ட அந்தத் தலைவர்களின் காலத்தைத் திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகளிலும் காணலாம்.

கோயிலுக்குள் இருந்த காவலருக்குத் திருமெய்காப்பு என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் பொறித்த கல்வெட்டு, எந்தெந்த ஊர்ச் சபைகள் இக்காவலரை அனுப்ப வேண்டும் என்று பட்டியலிடுகிறது. காவலர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லை அவரை அனுப்பிய ஊரே அளக்க வேண்டும். காவலுக்கு ஆள், ஆளுக்குக் கூலி, கூலிக்குப் பொறுப்பான ஊர் என்று மூன்றையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். மெய்க்காவல் என்ற பணிப்பெயர் தமிழகக் கோயில்களில் இன்றும் புழங்குகிறது.

அதே கோயிலில் நகைகளின் எடையும் அவற்றில் பதித்த முத்து, மணிகளின் எண்ணிக்கையும் சுவரில் பொறிக்கப்பட்டன. பண்டாரத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுத்தறிந்த எவரும் படிக்கலாம். ஒரு முத்து குறைந்தாலும் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும். பூட்டுக்கு நிகரான காப்பு பொதுவில் வைத்த கணக்கு என்பதை அந்தச் சுவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லி நிற்கின்றன.

பூட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. அர்த்தசாம பூசை முடிந்து சந்நிதிகளைச் சாத்தியதும், சாவிக்கொத்தைப் பைரவர் முன் வைத்து எடுப்பது சிவன் கோயில்களில் உள்ள வழக்கம். பைரவர் க்ஷேத்திரபாலர், அதாவது தலத்தின் காவலர். பூட்டிய செய்தியை ஒருவரிடம் ஒப்படைக்காமல் அன்றைய வேலை முடிவதில்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பெருவாசலைச் சாத்திய பின்னும் போக்குவரத்துக்கு ஒரு வழி வேண்டும். கோட்டைகளிலும் கோயில்களிலும் அதற்கென அமைந்த சிறுவாயில் திட்டிவாசல். ஒரு நேரத்தில் ஓரிருவரே நுழைய முடியும் என்பதால் ஒரே காவலர் முகம் பார்த்து ஆளை அனுப்பிவிடலாம். திருவண்ணாமலையில் ராஜகோபுரத்தை ஒட்டிய வாயிலுக்கு இன்றும் இதுவே பெயர். மாட்டுப் பொங்கல் நாளில் அண்ணாமலையார் சூரியனுக்குக் காட்சி தர எழுந்தருள்வது இந்தத் திட்டிவாசல் வழியாகத்தான்.

கல்லும் விளக்கும்

பழங்காலக் கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் ஆனவை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இல்லாமல் அமைத்ததாகக் கல்வெட்டில் பெருமையாகக் குறித்தான். கல்லுக்கு மாறியதன் முதல் நோக்கம் நிலைபேறு. தீப்பிடிக்காத கட்டடம் அதன் உடன்பயனாகக் கிடைத்தது.

அத்தகைய கற்கோயில்களுக்குள் அணையாத தீ வைக்கப்பட்டது. நந்தா விளக்குக்காக 90 அல்லது 96 ஆடுகளை விடுவது சோழர் கால வழக்கம். இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து கணக்கை நிரப்புவதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஏற்பாடு பக்திக்காக எழுந்தது. தீக்காப்பு அறிந்தவர் கண்ணுக்கு இதில் வேறொன்றும் புலப்படும். விளக்கின் இடம் குறிக்கப்பட்டது, எரிபொருளின் அளவு வரையறுக்கப்பட்டது, கொண்டுவரும் ஆளும் இன்னார் என்று தெரியும். அருகில் மரமோ ஓலையோ இல்லாத வரையில் அந்த உழக்கு நெய்யால் எந்தக் கேடும் வராது. திருவண்ணாமலைக் கோயிலின் வெளிச்சுற்றுகளில் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன. தீர்த்தமாடுவதற்காக வெட்டிய குளங்கள், எந்நேரமும் கைக்கெட்டும் நீர்நிலையாகவும் இருந்தன.

மதில் கோட்டையான காலம்

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைத் தாக்கிய பின், போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் தன் ஆட்சியைத் திருவண்ணாமலைக்கு மாற்றிக்கொண்டான். மதுரைச் சுல்தானுடன் கண்ணனூரில் நடந்த போரில் தோற்று உயிரிழக்கும் வரை இவ்வூர் அவன் தலைநகராக இருந்தது. வல்லாள மகாராஜா கோபுரம் அவன் நினைவாக நிற்கிறது. வெளிச்சுற்று பின்னர் விசயநகரக் காலத்தில் பெருகியது. கிருட்டிணதேவராயர் தொடங்கிய பதினொரு நிலை ராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். உயரம் 217 அடி.

திருடனைத் தடுக்கும் மதில் படையை ஈர்க்கும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டு காட்டியது. செங்கம் கணவாய் வழியே மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் பாதையில் ஊர் அமைந்திருந்ததால், உயர்ந்த மதிலும் உள்ளே நீரும் உள்ள கோயில் அக்காலப் படைத்தலைவர்களுக்கு ஆயத்தமான கோட்டையாகத் தெரிந்தது. 1753-இல் முர்தசா அலி கானும் மராட்டிய முராரி ராவும் முற்றுகையிட்டனர். 1757-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1760-இல் ஆங்கிலேயத் தளபதி ஸ்டீபன் ஸ்மித் கைப்பற்றினார். 1767 செப்டம்பரில் ஐதர் அலி, நிசாம் ஆகியோரின் படைகளும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் ஊருக்கருகே மோதின. பின்னர் திப்பு சுல்தானும் பிடித்தார். சிதம்பரம், திருவரங்கம் கோயில்களுக்கும் அதே நூற்றாண்டில் இந்தக் கதி நேர்ந்தது. எளிய மக்கள் அடைக்கலம் தேடிய மதிலுக்குள் பீரங்கிகள் குடியேறின.

காவல் அரசுத் துறையானது

ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்தபின் ஊர்க்காவல் முறை குலைந்தது. அதுவரை களவுபோன பொருளைக் காவல்காரரே மீட்டுத் தர வேண்டும், தவறினால் ஈடு கட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளம் பெறும் போலீசைத் தந்தது. திருவண்ணாமலை 1886-இல் நகராட்சியானது. தீயை அணைப்பதற்கெனத் தனிப்படை அமையப் பின்னும் காலமானது. சென்னை நகருக்குத் தீயணைப்புப் படை 1908-இல் வந்தது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது.

தொழிற்கூடங்களில் கதவைப் பற்றிய எண்ணம் மாறியதற்கு அயல்நாட்டு விபத்து ஒன்று முக்கியக் காரணம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். துணி திருட்டுப் போகாமல் இருக்க ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் வந்தபோது, உள்ளே ஆள் இருக்கையில் உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி எந்தக் கதவையும் பூட்டக் கூடாது, வெளியேறும் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற விதிகள் அதில் இடம்பெற்றன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1944 ஏப்ரல் 14 அன்று, பருத்தியும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றிய கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர்நீத்தனர். அந்த நாளே நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுகிறது.

ஓலையும் சங்கிலியும்

சட்டம் இருந்தும் தமிழகம் பட்ட இழப்புகள் கொடியவை. 1926-இல் திருவாரூர் ஆழித்தேர் எரிந்தது. 1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கு யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோயிலின் கருங்கல் எரியவில்லை. அதன் முன் போட்ட தற்காலிகப் பந்தல் எரிந்தது. வாசலை நோக்கி எல்லோரும் ஓடியதால் நெரிசலும் உயிர் குடித்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஓலைக் கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டனர். தப்பியோடிவிடக் கூடாது என்று அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ மாடியின் ஓலைக் கூரையைப் பற்றியது; மாடிப்படி குறுகல்; 94 குழந்தைகள் வெந்து மடிந்தனர். இந்தத் துயரங்களில் தீ சிறிதாகத்தான் தொடங்கியது. எளிதில் பற்றும் கூரையும் வெளியேற விடாத அமைப்பும் சேர்ந்து அதைக் கொலைத்தீ ஆக்கின.

கல்லும் தீக்குத் தப்பாது என்பதை 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை உணர்த்தியது. மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் 30-க்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. பொம்மை, துணி, பிளாசுடிக் ஆகியவை கக்கிய வெப்பத்தில் தூண்கள் வெடித்துக் கூரைக்கற்கள் சரிந்தன. கருங்கல்லில் உள்ள படிகக்கல் 573 பாகை செல்சியசை நெருங்கும்போது சட்டென விரிகிறது. மற்ற கனிமங்கள் அதே அளவு விரியாததால் கல் பிளக்கிறது. நந்தா விளக்கின் உழக்கு நெய் ஆயிரம் ஆண்டுகளில் செய்யாத சேதத்தை விற்பனைச் சரக்கு ஓர் இரவில் செய்தது. அதன்பின் கோயில்களுக்குள் இருந்த கடைகளை அகற்றும் உத்தரவுகள் வந்தன.

கோயிலின் உள்ளே இன்று

பழைய முறைகள் பலவும் புது உருவில் தொடர்கின்றன. திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பின் உண்டியல்கள் திறக்கப்பட்டு, பலர் முன்னிலையில், கேமராக் கண்காணிப்பில் காணிக்கை எண்ணப்படுகிறது; தொகை செய்தியாக வெளியிடப்படுகிறது. நகைக் கணக்கைச் சுவரில் பொறித்த அதே நெறிதான் இது. விழா நாள்களில் ஒரு கோபுர வாசலில் நுழைந்து வேறொரு வாசலில் வெளியேறும்படி வரிசை வகுக்கப்படுகிறது. முற்றுகைக் காலத்தில் பலவீனமாகத் தெரிந்த நான்கு வாசல்கள், இலட்சக்கணக்கானோர் கூடும் நாளில் உயிர்காக்கும் வழிகளாகின்றன.

மலைமேல் தீ

தீயைக் கட்டுக்குள் வைத்து ஏற்றும் கலை இவ்வூரில் எட்டிய உச்சம் கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையின் உச்சியில், மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றப்படுகிறது. செப்புக் கொப்பரையில் ஏறத்தாழ 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடாத்துணித் திரி, கற்பூரம். தீபம் 11 நாள் எரிகிறது. ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. திரியை மடித்து வைப்பதும் நாள்தோறும் நெய் வார்ப்பதும் வழிவழியாக அவர்கள் கைப்பழக்கம். இடம் வெறும் பாறை, எரிபொருள் அளந்தது, கலம் உலோகம், பொறுப்பாளர் இன்னார். நந்தா விளக்கில் கண்ட இடம், அளவு, ஆள் என்ற அதே மூன்று கட்டுப்பாடுகளும் இங்கே பேரளவில் உள்ளன.

ஆபத்து உச்சியில் இல்லை, சரிவில் இருக்கிறது. மலைச்சரிவின் உலர்ந்த புல் கோடையில் ஒரு தீக்குச்சிக்கே பற்றிக்கொள்ளும். மலையில் மரம் வளர்க்கும் பணி 1980-களின் இறுதியில் தொடங்கியது முதல், கோடைக்கு முன் புல்லை வெட்டி வெற்றுத்தரைப் பட்டைகளாகத் தீத்தடுப்புக் கோடு அமைப்பதும் அதன் பகுதியாயிற்று. தீபத்தன்று கற்பூரம், தீப்பெட்டி போன்றவற்றுடன் மலையேறத் தடை உண்டு. அனுமதிச் சீட்டு பெற்ற 2,500 பேர் அளவிலேயே ஏற விடுவது 2023 வரை வழக்கமாக இருந்தது. கீழே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களும் தீயணைப்பு வண்டிகளும் நிற்கின்றனர். 2024 டிசம்பர் 1 அன்று, புயல் மழையில் மலைச்சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் புதையுண்டனர். வல்லுநர் குழு மலையை ஆராய்ந்த பின், 13-ஆம் தேதி தீபத்துக்குப் பக்தர்கள் ஏறத் தடை விதிக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் தீபம் ஏற்றும் குழுவும் மட்டும் உச்சிக்குச் சென்றன. தீபம் உரிய நேரத்தில் எரிந்தது; மலையில் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

பதினொரு நாள் முடிந்ததும் கொப்பரை மலையிலிருந்து இறக்கப்படுகிறது. அதன் அடியில் படிந்த கரியைச் சேகரித்து மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திய பின் பக்தர்களுக்கு வழங்குகிறார்கள். கொப்பரை கோயிலுக்குத் திரும்பி, அடுத்த கார்த்திகை வரை காவலில் இருக்கிறது.