விலங்கிலிருந்து சீட்டு வரை



சிங்கப்பூரில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1856 இல் அடிக்கல் நாட்டி 1862 இல் அர்ப்பணித்த கட்டடம் அது. அதைக் கட்டியவர்கள் நம் நாட்டுக் கைதிகள்.

1824 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர் வசம் போயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு ஏற்றி அனுப்பினர். முதலில் வந்த 80 பேர் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பின்னால் வங்காளத்தார் 122 பேர் வந்தனர். இனி ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கை அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

ஆனால் ஒரு வழி இருந்தது. கவர்னர் பட்டர்வொர்த் காலத்தில், 1845 இல், கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவன் நான்காம் வகுப்பு, காலில் விலங்கு. ஒழுங்காக நடந்தால் மூன்றாம் வகுப்புக்கு ஏறுவான். சாலை போடுவான், அரசாங்கக் கட்டட வேலை செய்வான். இரண்டாம் வகுப்புக்கு வந்தவன் மற்றக் கைதிகளை மேய்க்கும் தண்டல் ஆகலாம். ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் வேலை பார்க்கலாம். முதல் வகுப்பாருக்கு அனுமதிச் சீட்டு! சிறைக்கு வெளியே குடியிருந்து, கூலி வேலை செய்து பிழைக்கலாம். குறித்த நாளில் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்தால் போதும். தப்பு செய்தால் சறுக்கல்தான். ஓடிவிடுவான் என்று அஞ்சப்பட்டவனுக்கு ஐந்தாம் வகுப்பு. முதியோரும் நோயாளிகளும் ஆறாம் வகுப்பு.

வெளியே போய்ப் பிழைக்கக் கைத்தொழில் வேண்டுமே! சிறைக்குள்ளேயே செங்கல் அறுத்தார்கள், கல் உடைத்தார்கள். தச்சும் கொல்லும் கற்றார்கள். தேவாலயச் சுவரின் பூச்சு நம்மூர்க் கொத்தனாருக்குப் பழகியதுதான்: சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள்.

இதை வெள்ளைக்காரனின் கருணை என்று சிலர் எழுதுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைதியையே காவலனாக்கினால் வார்டர் சம்பளம் மிச்சம்; சாலையும் கட்டடமும் மலிவு. கைதிகளின் மேலதிகாரியாயிருந்த மெக்நேர் 1899 இல் வெளியிட்ட நூலுக்கே, ‘கைதிகளே தங்கள் காவலர்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். ஆயினும், விலங்கு கழன்ற மனிதனுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

1867 இல் இக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தன. 1873 இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறையை மூடி, எஞ்சியவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலை பெற்ற பலர் ஊர் திரும்பவில்லை. இங்கேயே தொழில் செய்து, குடும்பம் நடத்தி, ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள்.