எழுத்துக் காயும் குதிரைக் காயும்

நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் உள்ளது. சிவபெருமான் சதுரங்கம் ஆடி அரசகுமாரியை வென்று மணந்தார் என்பது அவ்வூர்த் தலபுராணம். வயல் சூழ்ந்த அந்த ஊரில், ஆட்டமே அறியாத சிறுவனிடம் சதுரங்கக் காய்களைக் கொடுத்தாலும் குதிரையை உடனே எடுத்துக் காட்டிவிடுவான். ஜப்பானியரின் ‘ஷோகி’க் காய்களைக் கொடுத்தால் திகைத்துப் போவான். ஏன்?

ஷோகியும் நம் சதுரங்கத்தின் வழிவந்ததே. அதில் ‘ஹிஷா’ என்னும் பெயருக்குப் பறக்கும் தேர் என்று பொருள். ‘கெய்மா’ என்பதில் குதிரை இருக்கிறது. ஆனால் உருவம் மட்டும் மறைந்துவிட்டது. 81 கட்டங்களில் ஆடப்படும் 40 காய்களும் ஐங்கோண மரத்துண்டுகளே. எது என்ன காய் என்பதை அதன்மேல் எழுதிய எழுத்தைக் கொண்டே அறிய வேண்டும். 1993இல் நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயில் நிலத்தில் அகழ்ந்தெடுத்த காய்களும் இத்தகையவையே. அவற்றோடு கிடைத்த மரச்சீட்டு 1058ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

இரு தரப்புக்கும் காய்கள் ஒரே நிறம். வெட்டிய காயைத் தன் படையில் சேர்த்து மீண்டும் இறக்கலாம் என்பது ஷோகியின் சிறப்பு விதி. ஆகவே கூர்முனை நோக்கும் திசையே காய் யாருடையது என்பதைக் காட்டுகிறது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹாட்ஜஸ் 1976 முதல் 1987 வரை ‘ஷோகி’ என்ற பெயரில் இதழ் நடத்தி, மேல்நாட்டாருக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். ஆயினும் ஆடப் புகுந்தோரை எழுத்தே வாசலில் தடுத்தது. நாளடைவில், எழுத்துக்குப் பதிலாகப் படமும், நகரும் திசையைக் காட்டும் கோடுகளும் பொறித்த காய்கள் வந்தன. ஜப்பானியக் குழந்தைகளுக்கும் இதே தொல்லை இருந்தது. மடோகா கிதாவோ, மைகோ ஃபுஜிதா என்னும் இரு ஷோகி வீராங்கனைகள் 2008இல் விலங்கு ஷோகியை உருவாக்கினர். செல்லக்கூடிய திசை ஒவ்வொன்றிலும் காயின்மேல் ஒரு புள்ளி உண்டு. காயே ஆசிரியராகிவிடுகிறது!

நாம் வேறு வழியில் சென்றோம். ஆங்கிலேயரின் கோட்டை வடிவக் காயை ‘யானை’ என்றோம். பாதிரியார் தொப்பி அணிந்த காயை ‘மந்திரி’ என்றோம். உருவம் அயலாருடையது, பெயர் நம்முடையது. இருவர் நோக்கமும் ஒன்றே: தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கற்பித்தல்.

விலங்கு ஷோகியை அட்டையில் நீங்களே செய்யலாம். அகலம் 3, நீளம் 4 எனக் கட்டம் வரையுங்கள். பின்வரிசை நடுவில் சிங்கம், இடப்பக்கம் யானை, வலப்பக்கம் ஒட்டகச்சிவிங்கி, சிங்கத்தின் முன்னே கோழிக்குஞ்சு. எல்லாம் ஒவ்வொரு கட்டமே நகரும்: சிங்கம் எத்திசையிலும், யானை மூலைவாட்டிலும், ஒட்டகச்சிவிங்கி நேராகவும் பக்கவாட்டிலும், குஞ்சு முன்னோக்கியும். திசைப் புள்ளிகளை இட்டபின், ஆட்டம் தெரியாத தம்பியிடம் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பது அப்போது விளங்கும்.