15 மாதக் கணக்கு: சிறையில் அம்மா, வளர்ப்பு வீட்டில் மகள்

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அம்மாவைப் போதைப்பொருள் வழக்கில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி இருந்தால் பாட்டி வீடு. இல்லாவிட்டால்? அமெரிக்காவில் அரசாங்கம் அவளை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் விடும். அவளைப் பார்த்துக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணமும் கொடுக்கும். இதற்குப் பெயர்தான் ஃபோஸ்டர் கேர். இது தத்து இல்லை, தற்காலிக ஏற்பாடு. அம்மா திரும்பி வரும் வரைக்கும் என்பதுதான் பேச்சு.

ஆனால் அம்மா திரும்பி வருவதற்குள் அவள் சட்டப்படி "அம்மா" இல்லாமல் போய்விட்டால்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இப்படி ஒரு பெண்ணின் கதையை ஜேனட் ஃபிட்ச் 1999இல் 'ஒயிட் ஒலியாண்டர்' என்ற நாவலாக எழுதினார். 2002இல் அது படமாகவும் வந்தது. அந்தக் கதையில் வரும் அம்மா ஒரு கொலைகாரி. நிஜத்தில் சிறைக்குப் போன அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் கொலை செய்தவர்கள் இல்லை. போதைப்பொருள், திருட்டு, போலி காசோலை போன்ற வழக்குகளில் போனவர்களே அதிகம்.

ரயிலில் ஏற்றி அனுப்பிய காலம்

கொஞ்சம் பின்னால் போவோம். 1853இல் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார் நியூயார்க்கில் குழந்தைகள் உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார. தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளை நகரத்தை விட்டு வெளியே, விவசாயக் குடும்பங்களுக்கு அனுப்புவது அவர் திட்டம். 1854இல் முதல் கூட்டம் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனது. 1929 வரை சுமார் 2 லட்சம் பிள்ளைகள் இப்படி ரயிலில் போனார்கள். ஊர் ஊராக இறக்கி மேடையில் வரிசையாக நிற்க வைப்பார்கள். பிடித்த பிள்ளையை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்!

'அனாதை ரயில்' என்று இதற்குப் பெயர் வந்தது. வேடிக்கை என்னவென்றால், போனவர்களில் பலர் அனாதைகளே இல்லை. அப்பாவோ அம்மாவோ உயிரோடுதான் இருந்தார்கள். வறுமை, நோய், குடி, சிறை என்று ஏதோ ஒரு காரணத்தால் வளர்க்க முடியாமல் போனவர்கள். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் பெற்றவர்களிடமிருந்து தூரமாகக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேர் பிடித்துவிட்டது.

1909இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு கூட்டினார். ஏழை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று அங்கே முடிவானது. நல்ல முடிவுதான். ஆனால் சிறைக்குப் போன அம்மா அந்த முடிவுக்குள் வரவில்லை.

சிறை நிரம்பிய கதை

1970கள் வரை இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. காரணம், சிறையில் இருந்த பெண்கள் குறைவு. பிறகு சட்டங்கள் மாறின. 1973இல் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் கொண்டுவந்த சட்டப்படி, சில அவுன்ஸ் போதைப்பொருள் விற்றாலே குறைந்தது 15 ஆண்டுகள் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. 1986இல் மத்திய அரசு போட்ட சட்டம் இன்னும் கடுமை. வெறும் 5 கிராம் கிராக் கோகெய்னுக்கு 5 ஆண்டு கட்டாயத் தண்டனை! விற்றது காதலனாக இருந்தாலும், வீட்டில் சரக்கு இருந்தது தெரிந்தும் சும்மா இருந்த பெண்ணும் மாட்டிக்கொண்டாள்.

1980இல் அமெரிக்காவின் மாநில, மத்திய சிறைகளில் சுமார் 13 ஆயிரம் பெண்கள் இருந்தார்கள். 2000இல் அந்த எண்ணிக்கை 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 20 வருடத்தில் ஏழு மடங்கு.

அமெரிக்க நீதித்துறை 2000இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி சுமார் 15 லட்சம் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ சிறையில். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்பா சிறைக்குப் போனால் பத்தில் ஒன்பது வீட்டில் பிள்ளை அம்மாவிடம் இருக்கிறது. அம்மா போனால் அப்பாவிடம் இருப்பது நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பாதிக்கு மேல் பாட்டி தாத்தாவிடம். மாநிலச் சிறையில் இருந்த அம்மாக்களில் பத்தில் ஒருவரின் பிள்ளை ஃபோஸ்டர் கேரில். அப்பா சிறைக்குப் போனால் வீட்டில் ஒரு ஆள் குறையும். அம்மா போனால் பல இடங்களில் வீடே கலைந்துவிடும்.

இரண்டு கடிகாரங்கள்

1990களில் ஃபோஸ்டர் கேரில் இருந்த பிள்ளைகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். வருடக் கணக்கில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு பக்கம், அடித்துத் துன்புறுத்திய பெற்றோரிடமே திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகள் சிலர் இறந்துபோன செய்திகள் நாட்டை உலுக்கின. இதற்கு முடிவு கட்ட 1997 நவம்பரில் அதிபர் கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம் என்று பெயர்.

அதன் முக்கியமான விதி இதுதான். கடந்த 22 மாதங்களில் 15 மாதம் ஒரு பிள்ளை ஃபோஸ்டர் கேரில் இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையை ரத்து செய்யக் கோரி அரசே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உறவினர் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும், தகுந்த காரணம் எழுதி வைக்கப்பட்ட பிள்ளைக்கும் விதிவிலக்கு உண்டு.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழந்தைக்கு 15 மாதம் என்பது நீண்ட காலம். ஆனால் சிறையில் இருக்கும் அம்மாவுக்கு? அதே 2000ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மாநிலச் சிறையில் இருந்த பெற்றோர் சராசரியாக 80 மாதம் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. ஒரு கடிகாரம் 15இல் அடிக்கிறது. இன்னொன்று 80இல். அம்மா நல்லவளா, மகள் மீது பாசம் உள்ளவளா என்ற கேள்விக்கே போகாமல் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதில் பண விஷயமும் உண்டு. முந்தைய எண்ணிக்கையை விடக் கூடுதலாக நடக்கும் ஒவ்வொரு தத்தெடுப்புக்கும் மத்திய அரசு மாநிலத்துக்கு 4,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்தது. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை என்றால் இன்னும் 2,000. பிள்ளையை அம்மாவிடம் திரும்பச் சேர்த்தால் அந்தச் சட்டத்தில் ஊக்கத்தொகை எதுவும் இல்லை. எந்தப் பக்கம் ஊக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வேலை நடக்கும். வணிகவியலின் முதல் பாடம் இது!

அம்மா பிள்ளையோடு தொடர்பில் இருந்தாள் என்று நிரூபிக்கவாவது முடியுமா? அதுவும் சுலபமில்லை. மாநிலச் சிறையில் இருந்த பெற்றோரில் பத்தில் ஆறு பேர் சொந்த ஊரிலிருந்து 100 மைலுக்கு மேல் தள்ளி இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பியன் பெண்கள் சிறை, நியூயார்க் நகரத்திலிருந்து 300 மைலுக்கும் மேல். பதினான்கு வயதுப் பெண் தனியாகப் போய்வர முடியாது. யாராவது பெரியவர்கள் கூட்டிப் போக வேண்டும். அப்போது சிறையிலிருந்து வரும் போனுக்குப் பெரும்பாலும் அழைப்பை எடுப்பவர்தான் காசு கட்ட வேண்டியிருந்தது, அந்தக் கட்டணமும் மிக அதிகமாக இருந்தது. மாநிலச் சிறையில் இருந்த அம்மாக்களில் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகு ஒரு தடவைகூடத் தங்கள் பிள்ளையை நேரில் பார்க்கவில்லை என்கிறது அறிக்கை.

பெரிய பெண்ணின் சிக்கல்

கைக்குழந்தை என்றால் யாராவது தத்தெடுப்பார்கள். பதினான்கு வயதுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? அவளுக்கு அம்மாவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா மீது கோபமும் இருக்கிறது, விட்டுக்கொடுக்கவும் மனசு வராது. பல மாநிலங்களில் அந்த வயதுப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தத்துக் கொடுக்க முடியாது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்மாவின் உரிமை அதற்குள் ரத்தாகியிருக்கும்.

பழைய அம்மா சட்டப்படி இல்லை, புது அம்மா வரவே இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைச் 'சட்டம் உண்டாக்கிய அனாதைகள்' என்று அழைத்தார்கள். அனாதை ரயிலில் போன பிள்ளைகளைப் போலவே இவர்களுக்கும் அம்மா உயிரோடுதான் இருந்தாள். அப்போதெல்லாம் 18 வயது வந்ததும் பெரும்பாலும் வளர்ப்பு வீடும் முடிந்துவிட்டது. 1999இல் ஒரு சட்டமும் 2008இல் இன்னொரு சட்டமும் வந்து, 21 வயது வரை உதவி நீள வழி செய்தன.

சிறைக்குள் ஒரு விளையாட்டு அறை

எல்லாமே இருட்டு இல்லை. நியூயார்க்கின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறை 1901இல் தொடங்கியது. அங்கே கைதிகள் தங்கள் கைக்குழந்தையோடு இருக்க ஒரு பிரிவு ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் அது ஒரு வயது, மிஞ்சிப்போனால் ஒன்றரை வயது வரைதான். பெரிய பிள்ளைகளுக்காக எலைன் ரூலே என்ற கன்னியாஸ்திரி அங்கே ஒரு குழந்தைகள் மையத்தை உருவாக்கினார். கோடை விடுமுறையில் பக்கத்து ஊர்க் குடும்பங்கள் கைதிகளின் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் தங்கவைக்கும். பிள்ளைகள் ஒரு வாரம் தினமும் போய் அம்மாவோடு இருப்பார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒரு படுக்கை, ஒரு கார், கொஞ்சம் மனசு... அவ்வளவுதான்.

சட்டமும் மெல்ல மாறியது. 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பு, சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கான எட்டு உரிமைகளை எழுதி வெளியிட்டது. அம்மாவைப் பார்க்க, பேச, தொட உரிமை உண்டு என்பது அதில் ஒன்று. 2005இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. தத்தெடுக்க யாரும் வராத பிள்ளைக்கு, ரத்தான பெற்றோர் உரிமையை நீதிமன்றம் மீண்டும் கொடுக்கலாம். 2010இல் நியூயார்க் இன்னொரு படி போனது. அம்மா சிறையில் இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம், அவள் பிள்ளையின் வாழ்க்கையில் அக்கறையோடு இருக்கிறாள் என்றால் 15 மாதக் கணக்கைத் தள்ளிவைக்கலாம் என்றது. 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிகூட 2013இல் அப்பா சிறையில் இருக்கும் ஒரு பொம்மையையும், 2019இல் ஃபோஸ்டர் கேரில் இருக்கும் இன்னொரு பொம்மையையும் கொண்டுவந்தது.

அவள் எங்கே போகிறாள்?

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இலிருந்து மூன்று மாநிலங்களில், ஃபோஸ்டர் கேரை விட்டு வெளியேறும் 700க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் சொந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருந்தார்கள். வெளியே வந்த பிறகு பலர் சொந்தக்காரர்கள் வீட்டிலேயே போய்த் தங்கினார்கள்.

அதாவது, நீதிமன்றம் வெட்டிய கயிற்றைப் பிள்ளைகளே போய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த அம்மா திருந்தியிருக்கலாம், திருந்தாமலும் இருக்கலாம். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது மகள்தான். அவளுக்குத் தேவைப்பட்டது பாதுகாப்பான ஒரு வளர்ப்பு வீடு, கூடவே மாதம் ஒருமுறை சிறைக்குப் போக ஒரு பஸ் டிக்கெட். முதலாவதுக்கு அரசாங்கம் எப்படியோ பணம் ஒதுக்கியது. இரண்டாவதுக்கு ஒதுக்கத்தான் இத்தனை வருடம் பிடித்தது.