மாஞ்சோலை ரோட்டில் ஒரு நாள்: சிங்கம்பட்டி மலை கை மாறின கதை

எங்க வயல் வரப்பில் நின்னு மேற்கே பார்த்தா மலைதான் தெரியும். கன்னடியன் கால்வாயில் தண்ணி வருமா வராதான்னு கேக்க அணைக்குப் போன் போடுறதுக்கு முந்தி, மலையில் மேகம் இறங்கியிருக்கான்னுதான் முதல்ல பார்ப்போம். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. மழைக்காலத்தில் பேப்பரில் மழை அளவு போடும்போது இந்த நாலு பேரும் உச்சியில் நிக்கும். அதைப் படிச்சிட்டுத்தான் பிசானத்துக்கு நாற்றங்கால் போடலாமான்னு யோசிக்கிறது.

போன தை மாசம் சென்னையில் இருக்கிற அண்ணன் மகன் குடும்பத்தோட வந்திருந்தான். "சித்தப்பா, ட்ரெக்கிங் போகணும், நல்ல வியூ பாயிண்ட் காட்டுங்க"ன்னு நின்னான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் கிண்டிக் காடு இருக்கு. வெள்ளைக்காரன் வேட்டையாடின இடம், 1978-ல் தேசியப் பூங்கா ஆச்சு. மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஊருக்கு நடுவுல அவ்வளவாவது மிஞ்சியிருக்கேன்னு சந்தோசப்பட வேண்டியதுதான். நம்ம களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 895 சதுர கிலோமீட்டர்டே மக்கா, நினைச்ச இடத்துல இறங்கி நடக்க முடியாதுன்னு சொல்லி, அனுமதி வாங்கி, ஒரு வேன் பிடிச்சு மாஞ்சோலைக்குக் கூட்டிட்டுப் போனேன். (நீங்க போறதா இருந்தா, ரோடு திறந்திருக்கா மூடியிருக்கான்னு வனத்துறையில் கேட்டுக்கிட்டுக் கிளம்புங்க. மழைக்கு அடிக்கடி மூடிருவாங்க.)

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டினதும் வளைவு வளைவா ஏறும். கீழே மணிமுத்தாறு அணை, தரையில் வச்ச தாம்பாளம் மாதிரி கிடக்கும். காமராஜர் காலத்தில், 1958-ல் கட்டி முடிச்ச அணை, 118 அடி. எண்பதடிக் கால்வாய் வழியா நாங்குநேரி, திசையன்விளை பக்கத்து வறண்ட காட்டுக்கெல்லாம் தண்ணி கொண்டுபோகணும்னு கட்டினது. பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கிட்டே வந்தாங்க. எனக்கு அந்த ரோட்டுல போனா வேற ஞாபகம்தான் வரும்.

இந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமா இருந்தது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கு ஆபத்துக் காலத்தில் படை கொடுத்து உதவினதுக்காக மலையைக் கொடுத்தாருன்னு எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்லுவாங்க. ஜமீன் போன பிறகும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் உக்காந்திருந்த முருகதாஸ் தீர்த்தபதியை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2020 மே மாசம் காலமானார்.

அப்பேர்ப்பட்ட மலை கம்பெனி கைக்குப் போனதுக்குப் பின்னால் ஒரு கொலை வழக்கு இருக்கு. சென்னையில் ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற நியூயிங்டன் பள்ளிக்கூடம்னு ஒண்ணு. 1919 அக்டோபரில் அதோட பிரின்ஸிபால் டி லா ஹே ராத்திரி தூங்கிக்கிட்டு இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே படிச்ச சிங்கம்பட்டி வாரிசு மேல பழி விழுந்தது.  சென்னையில் ஒரே பரபரப்பா இருந்ததால் விசாரணையை பம்பாய்க்கு மாத்தினாங்க. கடைசியில் விடுதலைன்னுதான் தீர்ப்பு வந்தது. ஆனா வக்கீல் செலவில் ஜமீன் கடனில் முங்கிருச்சு, அந்தக் கடனை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டாங்கன்னு ஊரில் பேச்சு. வேற கடனும் இருந்திருக்கும். ஜமீனுக்குக் கடன் வர வழியா இல்லை?

1929-ல் எட்டாயிரத்து முந்நூறு ஏக்கருக்கு மேல, 99 வருசத்துக்குக் குத்தகை. எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். இது லேசுப்பட்ட கம்பெனி இல்லை. பர்மாவில் தேக்கு வெட்டினவங்க. அங்கே திபா ராஜா இவங்களுக்கு அபராதம் போட்டதைச் சாக்கா வச்சுத்தான் 1885-ல் வெள்ளைக்காரன் படையெடுத்துப் போய் பர்மாவையே பிடிச்சான். ஒரு மரக் கம்பெனி தகராறில் ஒரு ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். நம்ம ஜமீன் குத்தகையோட தப்பிச்சது புண்ணியம்.

மேலே காட்டை அழிச்சுத் தேயிலை, காப்பி, ஏலம் போட்டாங்க. அழிக்கவும் நடவும் ஆள் எங்கே இருந்து போச்சு? கங்காணிமார் வந்து, நிலம் இல்லாத சனங்களை நம்ம ஊர்களில் இருந்தும் கேரளப் பக்கம் இருந்தும் கூட்டிட்டுப் போனாங்க. எங்க பெரியம்மை ஒருத்தி ஊத்துக்கு வாக்கப்பட்டுப் போனவ. அவ மாமியாக்காரி அந்தக் காலத்தில் தலையில் அரிசி மூட்டை, இடுப்பில் பிள்ளையோட, அட்டை கடிக்க மலை ஏறினதைச் சொல்லிச் சொல்லி அலுக்க மாட்டாளாம். அண்ணன் மகன் காசு கொடுத்துப் பண்ண ஆசைப்பட்ட ட்ரெக்கிங் அதுதான். பிள்ளைகளிடம் சொன்னேன், சிரிச்சாங்க.

1952-ல் ஜமீன் ஒழிப்பில் மலை அரசாங்கத்துக்கு வந்தது. குத்தகை மட்டும் அப்படியே ஓடிச்சு. 1962-ல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆச்சு, 1976-ல் சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு சரணாலயம், 1988-ல் ரெண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம். சுத்திலும் புலிக்காடு, நடுவில் தேயிலைத் தோட்டம். ஒருநாள் இது முட்டும்னு எல்லாருக்கும் தெரியும். 2018-ல் அந்த நிலத்தைக் காப்புக்காடுன்னு அறிவிச்சாச்சு. குத்தகை முடிய 2028 வரைக்கும் காலம் இருந்தும், 2024 ஜூனில் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை மூடிருச்சு. டான்டீ எடுத்து நடத்தணும்னு கோர்ட்டுக்குப் போனாங்க. டிசம்பரில் அதுவும் தள்ளுபடி.

இதுக்கு இடையில் 1999 ஜூலை 23 இருக்கு. அதைச் சொல்லாமல் மாஞ்சோலை வரலாறு எழுதினா என் கை கூசும். கூலி உயர்வு கேட்டு, ஜெயிலில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லி, திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனாங்க. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஆத்துக்குள்ள ஓடினவங்களில் 17 பேர் செத்தாங்க. அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. அந்த மலையில் பெய்த மழைதான் மணிமுத்தாறா இறங்கி அந்த ஆத்தில் சேருது. அதுக்கு மேல எனக்கு எழுத வரலை.

இப்ப என் நிலைமையைச் சொல்லுதேன். நான் ஆத்துத் தண்ணியில் பிழைக்கிறவன். கோடைமேலழகியானில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுக்கும் தண்ணி அந்தக் காட்டில் இருந்துதான். காடு காடா இருக்கணும்னு சொல்ற முதல் ஆள் நான்தான். தேயிலைச் செடி இருந்த இடத்தில் சோலை திரும்ப வந்தா என் பேரன் கார் நெல்லும் விதைப்பான். ஆனா அந்தப் பக்கம் நாலு தலைமுறை உழைச்சவன் வெறுங்கையோட இறங்குதான். மரத்தை வெட்டச் சொன்னவன் அவனா? கூலிக்கு வெட்டினான். லாபம் எடுத்தவன் வேற ஆளு. ரெண்டு பக்கமும் எனக்கு ஆள் இருக்கு. இதில் ஒரு பக்கம் நின்னு சத்தம் போடுறவங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமைதான்.

மாஞ்சோலையில் இறங்கினோம். நல்ல குளிர். கிள்ள ஆள் இல்லாம தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. மட்டம் வெட்டாம விட்டா அது மரமா நிக்கும்னு பிள்ளைகளுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. லயன் வீடுகளில் பாதி பூட்டு. ஒரு வாசலில் செம்பருத்தி மட்டும் பூத்துக் கிடந்தது. அண்ணன் மகன் கொஞ்ச நேரம் சும்மா நின்னான். "என்ன அழகான இடம், ஏன் சித்தப்பா இப்படிக் காலியா இருக்கு?"ன்னு கேட்டான். வேனில் திரும்பி வரும்போதுதான் மேலே எழுதினதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் பெரியம்மை வீட்டுக்குப் போனோம். கண்ணு சரியாத் தெரியாது. போட்டோவைப் பெருசாக்கிக் காட்டினான். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது ஊத்து இல்லியேய்யா, மாஞ்சோலைல்லா. ஊத்துக்குப் போகலியா?"ன்னு கேட்டா. நேரம் இல்லை பெரியம்மைன்னு சொன்னேன். "எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு பலா மரம் நிக்கும். அடுத்த தடவை போனா காய்ச்சிருக்கான்னு பாத்துட்டு வா"ன்னா.