பேரன் தோளில் தாத்தா

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் நாக்கன் கிராக் என்று ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. கீழே வெளிறிய சுண்ணாம்புப் பாறை. மேலே கரிய பாறை. இரண்டும் சேரும் கோட்டின் மேல் உள்ளங்கையை வைக்கலாம். அந்த ஒரு கோட்டுக்காகச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில் பெரிய மனிதர்கள் கால் நூற்றாண்டு சண்டை போட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

பூகர்ப்ப சாஸ்திரத்தின் அரிச்சுவடி மிக எளிது. அடியில் கிடப்பது பழையது. மேலே கிடப்பது புதியது. பரணில் அடுக்கிய பழைய பத்திரிகைகளைப் போல. பிரிட்டிஷ் பூகர்ப்ப இலாகாவின் தலைவர் ஸர் ரோடரிக் மர்ச்சிஸன் இந்த மலைகளுக்கும் அதையே சொன்னார். 1855-ல் அவரோடு கூடச் சுற்றியவர் அபர்தீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல். நிக்கலுக்கு மனம் ஒப்பவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அந்தக் கோடு சாதாரண அடுக்கு அல்ல, பூமி உடைந்து நகர்ந்த இடம் என்று 1861-ல் எழுதினார். மர்ச்சிஸனோ கீக்கி என்ற இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறுத்தார். பதவி பெரிது; பேச்சு எடுபட்டது. 1871-ல் மர்ச்சிஸன் காலமானார். 1879-ல் நிக்கலும் போய்விட்டார்.

பிறகு வந்தார் லாப்வொர்த். பள்ளி உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1882-லும் அடுத்த ஆண்டிலும் எரிபோல் பக்கம் அடி அடியாக அளந்து படம் வரைந்தார். ஒரே பாறை அடுக்கு, சரிந்து சாய்ந்த புத்தக வரிசை போல, மறுபடி மறுபடி வந்தது! கோடு ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ நழுவல்கள். வேலையின் கடுமையில் அவர் நோயில் விழுந்தார். படுக்கையில், அந்தப் பாறை தம் உடல்மேல் அரைத்துக்கொண்டு நகர்வதாக உணர்ந்தார் என்று சொல்வார்கள்.

இதற்குள் கீக்கியே இலாகாத் தலைவராகிவிட்டார். 1883-ல் பென் பீச், ஜான் ஹார்ன் என்ற இருவரை அங்கே அனுப்பினார். அவர்களும் லாப்வொர்த் கண்டதையே கண்டார்கள். 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது, கிழக்கேயிருந்த கரும்பாறை குறைந்தது பத்து மைல் மேற்கே தள்ளப்பட்டு, இளைய பாறைமேல் ஏறிவிட்டது. கீழே இருப்பதற்கு வயது சுமார் 50 கோடி. மேலே இருப்பதற்கு 100 கோடி. பேரன் தோளில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார்!

நிக்கல் சொன்னதும் முழுக்கச் சரியல்ல. செங்குத்தான உடைப்பு என்று அவர் நினைத்தார். உண்மையில் அது ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும் நழுவல். ஆனாலும் கோட்டைக் கண்டு முதலில் சந்தேகித்த கண் அவருடையது.

கீக்கி நேரில் போய்ப் பார்த்தார். 1884-ல், தாம் அதுவரை கட்டிக் காத்த கொள்கை தவறு என்று 'நேச்சர்' பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். மலையைப் பத்து மைல் நகர்த்தப் பூமிக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்தன. தம்முடைய அச்சிட்ட வார்த்தையிலிருந்து நகர அந்த மனிதருக்கு இருபது வருஷங்களுக்கு மேல் பிடித்தன. நகர்ந்தாரே, அது பெரிய காரியந்தான்.

அதைப் பார்க்க நிக்கல்தான் இல்லை.